சபைக்கு அஞ்சுதல்

1

2016 செப்டம்பரில் காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு கூடியது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கலிபோர்னியா, கொலோன், பிலடெல்பியா என்று ஊர் ஊராகக் கூடிவந்த மாநாடு அந்த வருஷம் நம் சமவெளிக்கு வந்திருந்தது. திண்டுக்கல்லில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையிலிருந்து மதுரை ரோட்டில் பஸ் ஏறினால் அரைமணி நேரம். நான் போகவில்லை. புறக்கணித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது, நடப்பதே தெரியாது. முடிந்து சில வாரங்கள் கழித்து, மதியச் சாப்பாட்டு இடைவேளையில், கைபேசியில் வேறு எதையோ தேடப் போய் அதன் கட்டுரைகள் கண்ணில் பட்டன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பேசப்பட்டது, எங்கெங்கோ உள்ள கணினிகளைச் சுற்றிக்கொண்டு என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.

அன்று எழுந்த கேள்வி சாதாரணமானது. கட்டுரைகள்தான் கிடைத்துவிட்டனவே, நான் எதை இழந்தேன்? அதே கேள்வியை மறுபக்கமிருந்தும் கேட்கலாம். தூரத்தில் இருந்தபடியே பேசிக்கொள்ளும் வசதிகளை நன்றாக அறிந்தவர்கள், தமிழில் அந்த வசதிகளை உண்டாக்கியதிலேயே பங்குள்ளவர்கள், எதற்காக விமானம் ஏறி வந்து ஒரு மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்? வழக்கமான பதில்கள் நமக்குத் தெரியும். முகம் பார்த்துப் பேசுவது போல வருமா, நட்பு வளர்கிறது, டீக்கடையில் பேசுவதுதான் உண்மையான பேச்சு. இவை பொய்யல்ல. ஆனால் இவையெல்லாம் கல்யாண வீட்டிலும் கிடைப்பவை. அறிவு விஷயமாகக் கூடுவதற்கென்று தனியே ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் அறிவைச் சேர்ந்தது என்பதைவிட அறத்தைச் சேர்ந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

2

சபை என்பதைப் பற்றி நம் மரபு கொஞ்சம் கண்டிப்பாகவே யோசித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், நூல் எதைப் பற்றியது என்று சொன்னதோடு நிற்பதில்லை. யாருடைய அவையில், யார் முன்னிலையில் அது சொல்லப்பட்டது என்பதையும் சொல்கிறது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையும் அதங்கோட்டாசானும் இல்லாமல் அந்த நூலின் பிறப்புச் சான்றிதழ் முழுமை பெறவில்லை. திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள். அஞ்சாமையைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் தேவைப்படுகிறது என்றாலே, அவை என்பது சகஜமாக அஞ்சத் தக்கது என்பது அங்கே ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

இதில் தருமியின் கதையை நாம் சரியாக வாசிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 1965இல் வந்த திரைப்படத்தில் நாகேஷ் அவனை நம் எல்லோருக்குமான சிரிப்பாக ஆக்கிவிட்டார். அது கலைஞனின் வெற்றி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடலில் உள்ள சம்பவம் வேறு ஒன்றையும் காட்டுகிறது. ஓர் ஏழை, தான் எழுதாத ஒரு பாடலைச் சபைக்குக் கொண்டுவருகிறான். அரசன் மகிழ்ந்துவிட்டான், பொற்கிழி கைக்கு எட்டும் தூரத்தில் தொங்குகிறது. நக்கீரர் குற்றம் சொல்கிறார். அவரை ஏறிட்டுத் தருமியால் ஒரு பதிலும் சொல்ல முடியவில்லை. பாடல் அவன் கையில் இருந்தது. பாடலுக்கான பொறுப்பு அவனிடம் இல்லை. ஆகவே பொறுப்புள்ளவன் நேரில் வர வேண்டியதாயிற்று. எழுதியவன் கடவுளாகவே இருந்தாலும் சபைக்கு வந்துதான் ஆக வேண்டும் என்பது அந்தக் கதையின் துணிச்சல். குற்றம் சொன்னவரும் தப்பவில்லை. நக்கீரர் தம் தீர்ப்புக்காக வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுந்து கிடந்தார். அவரைக் கரையேற்ற இன்னொரு படலம் வேண்டியிருந்தது.

எழுதியவன், எடுத்து வந்தவன், குற்றம் கண்டவன் மூவரும் தப்பித்துப் போக முடியாத இடத்துக்கே சபை என்று பெயர். கூரையும் நாற்காலியும் இரண்டாம் பட்சம். சொன்னவன், கேள்வி வரும் வரை அங்கே நிற்கிறான். கேட்டவன், தன் கேள்விக்குப் பொறுப்பேற்கிறான். இதை நான் சபைக்கு அஞ்சுதல் என்கிறேன். இந்த அச்சம் கோழைத்தனத்தைச் சேர்ந்ததல்ல. தவறாகச் சொன்னால் தவறு என் பெயரில் நிற்கும் என்ற பிரக்ஞை அது.

3

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் கல்விக்கூடங்களின் கருத்தரங்குகளுக்குள் நுழைந்தால் என்ன நேரும் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் ஆசிரியர்களின் கட்டுரைகளுக்கும் கருத்தரங்கப் பங்கேற்புக்கும் மதிப்பெண் வைத்தன. உழைப்பை அளந்து மதிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை. ஆனால் அளவு வந்ததும், அளக்கப்படுவதை உற்பத்தி செய்யும் தொழிலும் கூடவே வந்தது. காலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, தலைமையுரை. பிறகு ஒரு வகுப்பறைக்கு முப்பது கட்டுரைகள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். கட்டுரை வாசித்தவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புகிறார். சர்வதேசப் புத்தக எண் போட்ட தடித்த தொகுதி அன்று காலையிலேயே அச்சாகி வந்துவிட்டது. அதாவது யாரும் கேள்வி கேட்பதற்கு முன்பே முடிவு தெரிந்துவிட்டது. எல்லோரும் உடலோடு வந்திருந்தார்கள். யாருமே சபையில் இல்லை.

2020இல் ஊரடங்கின்போது இந்தத் தொழில் திரைக்கு மாறியது. கல்லூரிகள் அடுக்கடுக்காக இணையவழிக் கருத்தரங்குகள் நடத்தின. ஒரு படிவத்தை நிரப்பி, பத்துக் கேள்விகளுக்கு விடை தட்டினால், மின்னஞ்சலில் சான்றிதழ் வரும். அதில் ஒன்று என்னிடமும் இருக்கிறது. அந்த நாட்களில் வங்கிகள் மூடப்படவில்லை. கவுண்டரில் கூட்டம் குறைந்த ஒரு பகலில், இலக்கியக் கோட்பாடு பற்றிய ஒரு கருத்தரங்கைக் கைபேசியில் ஓடவிட்டு, சத்தத்தை அணைத்து, பாஸ்புக் பதிந்துகொண்டிருந்தேன். பேசியவர் யார் என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. மாலையில் படிவத்தை நிரப்பினேன். சான்றிதழ் வந்தது. அதில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. திருத்தச் சொல்லி எழுதலாம் என்று பார்த்தால், அந்த முகவரிக்கு யாரும் பதில் எழுத முடியாது என்று அடியில் போட்டிருந்தது. கேட்காத பேச்சைக் கேட்டதாக, என் பெயரல்லாத பெயருக்கு, பதில் சொல்லாத ஒரு முகவரி சான்று கொடுத்திருக்கிறது. இதில் நான் அந்தக் கல்லூரியைக் குற்றம் சொல்லத் தகுதியற்றவன். பொற்கிழிக்கு ஆசைப்பட்டவன் நானும்தான். தருமியாவது சபை வரைக்கும் நடந்து போனான்.

4

இதை வைத்துக்கொண்டு, மண்டபம் உயர்ந்தது, திரை தாழ்ந்தது என்று சொல்லிவிடலாமா? சுலபமான முடிவுதான். ஆனால் தமிழ்க் கணிமையின் சரித்திரமே அதை மறுக்கிறது.

1997இல் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியில் சிங்கப்பூரில் முதல் மாநாடு கூடியபோது, கணினியில் தமிழ் என்பது ஒரு பாபேல் கோபுரமாக இருந்தது. ஆளாளுக்கு ஓர் எழுத்துரு. ஒருவர் கணினியில் கவிதையாக இருந்தது மற்றொருவர் கணினியில் குப்பையாகத் தெரிந்தது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் இயற்கையான உண்மை எதுவும் கிடையாது. அகரத்துக்கு இந்த எண்தான் பொருத்தம் என்று எந்தத் தர்க்கத்தாலும் நிரூபிக்க முடியாது. சேர்ந்து ஒப்புக்கொள்வது ஒன்றே வழி. பல நாடுகளில் சிதறிக் கிடந்தவர்கள், சம்பளம் தராத இந்த வேலையை, இரவுகளில் மின்கடிதங்களில் வாதாடிச் செய்தார்கள். திஸ்கி என்ற குறியேற்றம் அப்படி வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பல மாதங்கள் சண்டையிட்டார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் பெயர் இருந்தது. நேற்று எழுதியதை இன்று இல்லை என்று சொல்ல முடியாது. என் அளவுகோலின்படி அது சபை.

1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூடியது. அரசே முன்நின்று நடத்தியது. விசைப்பலகை விஷயத்தில் ஒரு முடிவு வந்தது. தமிழ்99 என்று இன்றும் பலர் விரல்களில் அது இருக்கிறது. குறியேற்றத்திலோ டாம், டாப் என்று இரண்டைப் பரிந்துரைத்தார்கள். வெளியே திஸ்கி தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மண்டபத்துக்குள் எடுத்த முடிவு, மண்டபத்துக்கு வெளியே இருந்தவர்களைக் கட்டவில்லை. 2000இல் உத்தமம் என்ற அமைப்பு ஏற்பட்டதே இப்படிப்பட்ட இழுபறிகளுக்கு ஒரு நிரந்தரமான இடம் வேண்டும் என்பதற்காகத்தான். கடைசியில் எல்லோரையும் ஒரே பாதைக்குக் கொண்டுவந்தது யூனிகோடு. அதன் தமிழ் அட்டவணையின் அடிப்படை, 1991லேயே, இந்தியத் தர அமைப்பு ஒன்றைப் பின்பற்றி வேறோர் இடத்தில் போடப்பட்டுவிட்டது. தமிழக அரசு அதை ஏற்றது 2010இல். தமிழர்கள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்த வருஷங்களுக்கு முன்பே, அவர்கள் இல்லாத சபையில் அவர்களுடைய எழுத்துக்கு எண் கொடுக்கப்பட்டிருந்தது என்பதை நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வராதவனுக்காகச் சபை காத்திருப்பதில்லை.

இந்த வகையான சபை நமக்குப் புதிதும் அல்ல. இங்கிருந்து மேற்கே வத்தலக்குண்டு. மணிக்கொடியின் பி.எஸ். ராமையாவின் ஊர், சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர். செல்லப்பா 1959இலிருந்து 1970 வரை நடத்திய 'எழுத்து' என்ன? சில நூறு பேர் தபாலில் கூடிய கூட்டம். எழுதியவர்களில் பலர் பல காலம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. புதுக்கவிதை கவிதைதானா என்ற விவகாரம் ஒரு மண்டபத்தில் தீர்க்கப்படவில்லை. இதழுக்கு இதழ், கடிதத்துக்குக் கடிதம், பெயர் போட்டு நடந்தது. புனைபெயரில் எழுதியவர்களும் உண்டு. ஆனால் புனைபெயர் நேற்று ஒன்று இன்று ஒன்றாக மாறவில்லை. பெயர் அப்பன் வைத்ததா தானே வைத்துக்கொண்டதா என்பது முக்கியமில்லை. நேற்றைய வாக்கியத்துக்கு இன்று பதில் சொல்ல அந்தப் பெயரில் ஆள் இருக்கிறானா என்பதே முக்கியம். இந்தப் பத்திரிகையைச் சுற்றியுள்ள நாமும், ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, அப்படி ஒரு கூட்டம் என்றுதான் நம்மை எண்ணிக்கொள்கிறோம்.

5

என் பிழைப்பிலிருந்து ஓர் உதாரணம். வங்கியில் பெரும்பாலான பதிவுகளை ஒருவர் போட்டால் இன்னொருவர் பார்த்து அனுமதித்த பிறகுதான் கணக்கில் ஏறும். போடுகிறவர் மேக்கர், பார்க்கிறவர் செக்கர். எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் தான் போட்டதைத் தானே அனுமதிக்க முடியாது. கம்ப்யூட்டர் வருவதற்கு முந்திய லெட்ஜர்கள் சில நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய கட்டிடத்தின் பரணில் இருந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். தப்பாக எழுதிய தொகையைச் சுரண்டி அழித்திருக்க மாட்டார்கள். அதன்மேல் ஒரே ஒரு கோடு. பழைய எண் படிக்கும்படி இருக்கும். மேலே சரியான எண். பக்கத்தில் இனிஷியல். தப்பு செய்தது குற்றமாகக் கருதப்படவில்லை. தப்பை மறைப்பதுதான் குற்றம். ரிட்டையராகி எப்போதோ செத்துப்போயிருக்கக்கூடிய ஒரு குமாஸ்தா, ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஏழை ஒன்றாக எழுதிவிட்டதற்கு இன்னும் அந்தப் பக்கத்தில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மதுரைத் திட்டத்தின் மின்நூல்களைத் திறக்கும்போது எனக்கு அந்த லெட்ஜர்தான் ஞாபகம் வரும். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் லொசான் நகரில் இருந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்நின்று தொடங்கிய வேலை அது. நூலின் முகப்பில், தட்டச்சு செய்தவர் யார், பிழை பார்த்தவர் யார் என்று பெயர் இருக்கும். மேக்கர், செக்கர். நாம் அந்த வரிகளைத் தாண்டிக்கொண்டு நூலுக்குப் போய்விடுகிறோம். ஆனால் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏடு கொடுத்தவர்களின் பெயர்களைச் சொன்னாரே, அதே குணம்தான் இங்கேயும். நன்றி சொல்வது மட்டுமல்ல அது. இந்தப் பிரதி இப்படி இருப்பதற்கு இவர்கள் சாட்சி என்று சபையில் அவர்களை நிறுத்துவது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், ஒரு கட்டுரையில் யார் எந்த நாளில் எந்த வரியை மாற்றினார்கள் என்ற வரலாறு பின்னால் அப்படியே கிடக்கிறது. கோடு அடிக்கப்பட்ட பழைய எண் போல. அதன் கட்டுரைகளின் தரத்தைப் பற்றி நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். சண்டை போடுவதற்கு அங்கே ஒரு பக்கமும் இருக்கிறது.

மாநாடு காந்திகிராமத்தில் கூடியது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்த இடத்துக்கு இந்த விஷயத்தில் சொல்ல ஒன்று இருக்கிறது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கையால் செய்வதன் வழியாக அறிவது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது அந்த எண்ணத்தையும் கொண்டுவந்தார்கள். நூற்பதில் ஒரு விசேஷம் உண்டு. தப்பாக நூற்றால் இழை அறுந்துவிடும். வாத்தியார் வந்து சொல்ல வேண்டியதில்லை. தப்பு தன் கையில்தான் நடந்தது என்பதை மறுக்கவும் முடியாது. நன்னூல் பாயிரம் நூல் என்ற பெயருக்கே நூற்றலை உவமை சொல்கிறது. ஒரு பழைய உரையை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்கிறவன், ஏடு பார்த்து எழுதினவனைப் போலவே, அந்த உரையைக் கையால் படிக்கிறான். எங்கே ஒற்று மிகுகிறது, எங்கே வரி உடைகிறது, எங்கே தன் கண் தாவியது என்பது அவனுக்குத் தெரியும். எண்ணிமக் கல்வி என்று பேசுகிறவர்கள் திரையில் காட்டப்படும் பாடத்தையே நினைக்கிறார்கள். எனக்கு அதன் உண்மையான மாணவனாகத் தெரிபவன் இந்தத் தட்டச்சுக்காரன்தான். அவனுக்குச் சான்றிதழ் எதுவும் கிடைத்ததில்லை.

6

இப்போது கேட்டால் இயந்திரமே கட்டுரை எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஏட்டின் படத்தைக் காட்டினால் எழுத்துகளைத் தானே பிரித்துத் தருகிறது. இதை வெறுத்துப் பயனில்லை, நானும் உபயோகிக்கிறேன். ஆனால் தருமியின் நிலைமை இப்போது வேறு. அன்று அவன் சபையிலிருந்து திரும்பிப் போய், பாட்டு எழுதியவனிடம் முறையிட முடிந்தது. எழுதியவன் கோபத்தோடு கிளம்பி வந்தான். இன்றைய தருமி திரும்பிப் போய், உன் பாட்டில் குற்றமாம் என்று சொன்னால், இயந்திரம் உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொரு பாட்டைக் கொடுக்கும். அதற்குச் சபைக்கு வர வேண்டிய அவசியமில்லை, வெட்கமும் இல்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் கொண்டுவந்தவன் தலையிலேயே விழுகிறது. எழுதாதவன் இனிஷியல் போட வேண்டிய காலம் இது. போடப் போகிறவன் ஒவ்வொரு வரியையும் செக்கராக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் இனிமேல் நடக்கும் கருத்தரங்குகளில் யாருமே எழுதாததை, யாருமே படிக்காமல், எல்லோருமே சான்று பெறுவார்கள்.

நான் எதை இழந்தேன் என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். கட்டுரைகளை இழக்கவில்லை. அந்த அறையில், விஷயம் தெரிந்தவர்கள் முன்னால், என் அறியாமையோடு ஒரு கேள்வியை எழுந்து கேட்டிருக்கக்கூடிய சந்தர்ப்பத்தை இழந்தேன். ஆனால் இதை எழுதும்போது ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்ற உறுத்தல் இருக்கிறது. ஏழெட்டு மாதங்களுக்கு முன், ஒரு பழைய உரைநூலின் மின்பிரதியை என்னிடமுள்ள அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் ஒரு வரி முழுவதும் விட்டுப்போயிருந்தது. பக்க எண்ணோடு ஒரு சலானின் பின்பக்கத்தில் குறித்து வைத்தேன். தெரியப்படுத்த முகவரி அந்தப் பிரதியிலேயே இருக்கிறது. பதில் எழுதும் மனிதர்கள் உள்ள முகவரி. எழுதவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் அச்சுப் புத்தகம் பிற்காலத்து மலிவுப் பதிப்பு. தப்பு அதில் இருந்து, மின்பிரதி சரியாக இருந்துவிட்டால்? அறிந்தவர்கள் பார்க்கும் இடத்தில் என் பெயரோடு ஒரு தவறான திருத்தம் நிற்கும்.

காந்திகிராமத்தில் மாநாடு நடப்பது தெரியாது என்று முதல் பத்தியில் எழுதினேன். தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்பதற்கு, மேஜை டிராயரில் கிடக்கும் அந்தச் சலான்தான் பதில்.